வினாடிக்கு 200 சென்டிமீட்டர்

அந்த டம்ளர் மூன்று முறை கீழே விழுந்தது. மூன்றாவது முறை விழுந்தபோது நான் திட்டினேன்.

2017 ஜூலை மாதம். பந்தலூர் வட்டத்தில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் அப்போது இரண்டாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். தென்மேற்குப் பருவமழை கூடலூர்ப் பக்கம் இறங்கிவிட்டால் நாள் கணக்கில் வெளுக்காது. பிள்ளைகளின் துணிகள் கொடியில் நான்கு நாள் தொங்கியும் ஈரம் போகாமல் கிடந்தன. காலை உணவுக்கு வரிசை. இடது கையில் தட்டு, வலது கையில் டம்ளர். ஏழு வயதுப் பையன் ஒருவனின் வலது கையிலிருந்து டம்ளர் நழுவியது. குனிந்து எடுத்தான். மறுபடி நழுவியது. அதையும் எடுத்தான். கட்டன் சாயா ஊற்றியதும் டம்ளரோடு எல்லாம் தரையில் கொட்டியது. "பிடித்து நிற்கத் தெரியாதா உனக்கு?" என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பை விளையாட்டுத்தனம் என்று எடுத்துக்கொண்டேன்.

சமையல்கார அம்மாதான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "டீச்சர், இவன் வாய் ஒரு பக்கமாகப் போகிறதே, பாருங்கள்" என்றார். பார்த்தேன். உதட்டின் இடது ஓரம் மட்டும் மேலே ஏறியிருந்தது. வலது ஓரம் அசையவில்லை. பேர் சொல்லச் சொன்னேன். நாக்கு குழறியது. அவனுக்கு வலிக்கவில்லை, அழவுமில்லை. பாட்டிமார்களுக்கு வருவது என்று நான் அதுவரை நினைத்திருந்த பக்கவாதம், என் வகுப்பின் இரண்டாவது வரிசைப் பையனுக்கு வந்திருந்தது.

இதை எழுத எட்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அவன் வீட்டாரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம். அந்த வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்தவள் அக்கா, நடுவில் இவன், கடைசியில் ஒரு தங்கை. அவர்கள் வீட்டில் அழைப்பதுபோலவே பெரியவள், பையன், சின்னவள் என்று வைத்துக்கொள்கிறேன்.

பையனுக்குச் சிக்கிள் செல் இருப்பது பள்ளிக்குத் தெரியாமல் இல்லை. சேர்க்கைப் பதிவேட்டில் என் கையெழுத்திலேயே "அரிவாள் செல் ரத்தசோகை" என்று எழுதியிருந்தேன். எழுதியதோடு சரி. அவன் கண்ணின் வெள்ளை எப்போதும் லேசாக மஞ்சளித்திருக்கும். மஞ்சள் காமாலை என்று நினைத்து அவன் பாட்டி கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் கை கால் வலி என்று சுருண்டு படுப்பான், இரண்டு நாளில் எழுந்துவிடுவான். குழந்தையாக இருந்தபோது கை விரல்கள் வீங்கி உருண்டிருந்ததாக அம்மா பின்னாளில் சொன்னார். ஆக, எனக்குத் தெரிந்த சிக்கிள் செல் என்பது வலி, சோர்வு, வெளிறிய நகம், ஃபோலிக் ஆசிட் மாத்திரை. மூளைக்கும் அதற்கும் தொடர்பு உண்டென்று யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

இந்த நோய்க்கும் எங்கள் மலைக்கும் உள்ள உறவு நீண்டது. 1910இல் சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக் என்ற மருத்துவர், கிரெனடா தீவிலிருந்து வந்த பல் மருத்துவ மாணவர் ஒருவரின் ரத்தத்தில் பிறை வடிவ அணுக்களைக் கண்டு எழுதினார். உலகம் இந்த நோயை அறிந்தது அப்படித்தான். இந்தியாவில் அது முதலில் பதிவானது 1952இல். அதற்கான ரத்த மாதிரிகளை லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் எடுத்தது நீலகிரிப் பழங்குடி மக்களிடம். நாட்டின் மருத்துவ வரலாற்றில் எங்கள் மலையின் பெயர் இந்த நோயை வைத்து எழுதப்பட்டிருக்கிறது. அந்த மலையிலேயே, 65 ஆண்டுகள் கழித்து, ஒரு ஆசிரியைக்கு டம்ளர் ஏன் விழுகிறது என்று தெரியவில்லை. அந்த வெட்கம் எனக்கு மட்டும் உரியதா என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன்.

அன்று ஜீப் பிடித்து முதலில் போன இடத்தில் வலிப்பாக இருக்கலாம், கவனிப்போம் என்றார்கள். நோயின் பெயரைச் சொன்னேன். தலையாட்டினார்கள். குளுக்கோஸ் ஏறியது, மதியம் ஆனது. அடுத்து ஆம்புலன்ஸில் மலை இறங்கி ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு ஒன்பது மணி. அவன் அம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த சேலையோடு, முழங்கால் வரை சேறோடு வந்திருந்தார். அங்கே பணியில் இருந்த இளம் மருத்துவர் சிக்கிள் செல் என்று கேட்டவுடன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அவர் அப்படி எழுந்ததை நான் மறக்கவில்லை. அன்று முழுவதும் யாராவது அப்படி எழுந்திருக்க மாட்டார்களா என்றுதான் காத்திருந்தோம்.

இரவோடு இரவாக ரத்தமாற்றம் நடந்தது. ஒரு பக்கம் அவன் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, மறுபக்கம் வேறொருவர் தந்த ரத்தத்தை ஏற்றுவது. உடம்பில் உள்ள சிக்கிள் ஹீமோகுளோபினின் பங்கை 30 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவதுதான் நோக்கம் என்று மருத்துவர் சொன்னார். இரண்டு நாள் கழித்து, சற்று ஓய்வாக இருந்தபோது, ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஹீமோகுளோபின் என்ற புரதத்தின் பீட்டா சங்கிலியில் 146 கண்ணிகள். அதில் ஆறாவது கண்ணி மட்டும் மாறியிருக்கிறது. குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின். வேறொன்றும் இல்லை. அந்த ஒரு மாற்றத்தால், ஆக்சிஜனை இறக்கிவிட்ட பிறகு ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கோலாக நீள்கின்றன. வட்டமாக, மெத்தென்று இருக்க வேண்டிய சிவப்பணு கருக்கரிவாள்போல் வளைந்து விறைத்துவிடுகிறது. சாதாரணச் சிவப்பணு 120 நாள் வாழும். இது பத்திருபது நாளில் உடைந்துவிடுகிறது. கண் மஞ்சளுக்கு அதுதான் காரணம். கீழாநெல்லிக்கு இதில் வேலையில்லை. மெல்லிய நாளங்களில் இந்த அணுக்கள் சிக்கிக்கொள்ளும்போது எலும்பு வலி வருகிறது. இதுவரை நான் ஓரளவு அறிந்ததுதான்.

மூளையில் நடப்பது வேறு. அங்கே பாதிக்கப்படுவது பெரிய குழாய்கள். கழுத்து வழியாக ஏறி மூளைக்குள் நுழையும் பிரதான நாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில், ஆண்டுக்கணக்கில் விறைத்த அணுக்கள் உரசி உரசி உட்சுவர் புண்ணாகித் தடிக்கிறது. வழி குறுகுகிறது. ஒருநாள் அடைத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் பெரிய எண்ணிக்கையில் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1998இல் வெளியானது. தடுப்பு எதுவும் செய்யாவிட்டால், பெற்றோர் இருவரிடமிருந்தும் இந்த மரபணுவைப் பெற்ற பிள்ளைகளில் 11 சதவீதம் பேருக்கு 20 வயதுக்குள் பக்கவாதம் வருகிறது என்று அது சொன்னது. இரண்டு வயதிலிருந்து ஒன்பது வயது வரை ஆபத்து மிக அதிகம். ஒருமுறை வந்து, பின் ரத்தம் ஏற்றாமல் விட்டால், மூன்றில் இருவருக்கு மறுபடி வரும், பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள்.

நம் நாட்டில் காணப்படும் அரபு-இந்திய வகைச் சிக்கிள் செல்லில் கருக்கால ஹீமோகுளோபின், அதாவது குழந்தை கருவில் இருக்கும்போது சுரக்கும், கோலாக ஒட்டாத ஹீமோகுளோபின், பிறந்த பின்னும் சற்றுக் கூடுதலாக இருக்கும். அதனால் நோய் மிதமாக இருக்கும், பக்கவாதமும் குறைவு என்பார்கள். உண்மைதான். ஆனால் "நம் ஊரில் இது அரிது" என்ற ஒரே வாக்கியத்தால் எத்தனை பிள்ளைகளைப் பரிசோதிக்காமல் விட்டிருப்போம் என்று எனக்குப் பதறுகிறது. அரிது என்பதால் அன்று ஒரு முழுப் பகல் போனது.

அந்தத் தாளின் கீழ்ப்பகுதியில் மருத்துவர் ஒரு குழாயை வரைந்து, நடுவில் பெருவிரலால் அழுத்துவதுபோல் போட்டிருந்தார். நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது ரப்பர் குழாயின் வாயைப் பெருவிரலால் அழுத்தினால் நீர் சீறும் அல்லவா? மூளை நாளமும் அப்படித்தான். வழி குறுகினால் அந்த இடத்தில் ரத்தம் சீறும். அடைப்பதற்கு மாதங்கள், ஆண்டுகள் முன்பே சீறத் தொடங்கிவிடும். அந்த வேகத்தை வெளியிலிருந்தே அளக்க முடியும்.

இந்த இடத்தில் நான் அவரை நிறுத்தினேன். "முன்பே அளக்க முடியுமா?"

முடியும். காதுக்கு முன்னால், நெற்றிப்பொட்டின் பக்கம், மண்டையோடு மெல்லியதாக இருக்கும் ஓரிடம் உண்டு. அங்கே களிம்பு தடவி, பேனாவைவிடக் கொஞ்சம் தடித்த ஒரு கருவியை வைத்து, ஒலி அலைகளை அனுப்பி ரத்த ஓட்டத்தின் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். டி.சி.டி. ஸ்கேன் என்பார்கள், தலை டாப்ளர் என்றாலும் புரிந்துகொள்வார்கள். ஊசியில்லை, மருந்தில்லை, கதிர்வீச்சில்லை, அரை மணி நேர வேலை. வினாடிக்கு 170 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 170இலிருந்து 199 வரை கவனம், சீக்கிரம் மறுபடி பார்க்க வேண்டும். 200ஐத் தொட்டுவிட்டால் அபாயம்.

இந்த வேகத்துக்கும் பக்கவாதத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ராபர்ட் ஆடம்ஸ் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர். அவர் தலைமையில் நடந்த ஆய்வின் முடிவு 1998இல் வந்தது. வேகம் 200ஐத் தாண்டிய, ஆனால் பக்கவாதம் இன்னும் வராத 130 குழந்தைகள். பாதிப் பேருக்கு மாதந்தோறும் ரத்தம் ஏற்றினார்கள், மீதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 11 பேருக்குப் பக்கவாதம் வந்தது. ரத்தம் ஏற்றியவர்களில் ஒரே ஒருவருக்கு. வித்தியாசம் அவ்வளவு வெளிப்படையாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். இரண்டு வயதிலிருந்து 16 வயது வரை ஆண்டுக்கு ஒருமுறை இந்த ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பது அதற்குப் பின் உலக வழக்கமாகிவிட்டது.

1998. என் பையன் பிறப்பதற்கு 12 ஆண்டுகள் முன்பு. (என் பையன் என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்த மனம் வரவில்லை.)

அவன் ஐந்து வாரம் கழித்துப் பள்ளிக்கு வந்தான். வலது காலை லேசாக இழுத்து நடந்தான். வலது கை முழங்கை வரை எழும், விரல்கள் திறக்காது. பேச்சு திரும்பிவிட்டது. முதல் வாரம் இடது கையால் 'அ' எழுதக் கற்றுக்கொடுத்தேன். கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பி எழுதினான். சிலேட்டை நான் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நகரும். ஒரு கையால் எழுதுகிற பிள்ளைக்கு இன்னொரு கை சிலேட்டைப் பிடிக்கவாவது வேண்டும் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. சமையல்கார அம்மா ஒரு யோசனை சொன்னார். ஈரத்துணியை மடித்துச் சிலேட்டுக்கு அடியில் வைத்தோம். நகரவில்லை.

அந்த மருத்துவர் சொன்ன இன்னொன்று ஆசிரியர் யாருக்கும் தூக்கத்தைக் கெடுக்கும். சத்தமில்லாத பக்கவாதம் என்று ஒன்று இருக்கிறது. வாய் கோணாது, கை விழாது. மூளையின் உட்பகுதியில் சிறுசிறு இடங்கள் ரத்தமின்றிச் சாகும். எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும். இந்த நோயுள்ள பிள்ளைகளில் 18 வயதுக்குள் 100க்கு 39 பேர் வரை இதற்கு ஆளாகிறார்கள் என்று ஆய்வுகள் கண்டிருக்கின்றன. வெளியே தெரிவது என்னவென்றால், படிப்பில் கவனம் நிற்காது, கணக்கில் இரண்டாவது படி மறந்துபோகும், சொன்னதைத் திருப்பிச் சொல்லத் திணறும். இந்த மலையில் 19 ஆண்டுகள் பாடம் எடுத்திருக்கிறேன். "மந்தம்" என்று எத்தனை மதிப்பெண் அட்டைகளில் எழுதியிருப்பேன்! ஆதிவாசிப் பிள்ளைகளுக்குப் படிப்பு வராது என்று ஆசிரியர் அறையிலேயே பேசுவார்கள். நான் அப்படிப் பேசியதில்லை. ஆனால் பேசியவர்களை மறுத்ததுமில்லை. அந்தப் பிள்ளைகளில் யாருக்கெல்லாம் மண்டைக்குள் என்ன நடந்திருந்ததோ.

சின்னவளுக்கு அப்போது மூன்று வயது. அண்ணனுக்கு வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை நடந்தது. அப்பாவும் அம்மாவும் கடத்திகள், அதாவது ஒற்றை மரபணு மட்டும் உள்ளவர்கள். அவர்களுக்கு எந்தத் தொல்லையும் இல்லை. பெரியவளும் கடத்தி. சின்னவளுக்கு அண்ணனைப் போலவே இரண்டும். கடத்திகள் இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்பது கணக்கு. அந்த வீட்டில் மூன்றில் இரண்டாக விழுந்தது. "எங்கள் கூட்டத்துக்கே சாபம் என்கிறார்கள் டீச்சர்" என்றார் அம்மா. சாபமில்லை என்று சொல்ல என்னிடம் நல்ல காரணம் இருந்தது. ஒற்றை மரபணு உள்ளவர்களை மலேரியா எளிதில் கொல்வதில்லை. மலேரியா ஆண்டாண்டுகாலம் ஆட்டிப்படைத்த இந்தக் காடுகளில் அவர்கள் முன்னோர் பிழைத்துக் கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அம்மா வெற்றிலையை மென்றபடி நெடுநேரம் யோசித்தார். "அப்போது காப்பாற்றியது இப்போது கேட்கிறது" என்றார்.

சின்னவளின் முதல் ஸ்கேனுக்கு நானும் போனேன். அந்த ஸ்கேன் எடுக்கப் பிள்ளை விழித்திருக்க வேண்டும், அழவும் கூடாது. தூங்கினாலும் அழுதாலும் மூளைக்குப் போகும் ரத்தத்தின் வேகம் மாறிவிடும், அளவு பிழையாகும். பின்னிரவு மூன்று மணிக்குக் கிளம்பி, வளைவுகளில் இரண்டு முறை வாந்தியெடுத்து, மலையிறங்கி வந்த மூன்று வயதுக் குழந்தையை எப்படி அழாமலும் தூங்காமலும் வைப்பது? அவள் அப்பா தாயின் மடிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, காட்டில் தேனெடுக்கப் போகும்போது பாடுகிற ஏதோ ஒரு பாட்டை மெல்லப் பாடினார். அவள் விழி விரியக் கேட்டாள். கருவியிலிருந்து ரத்தம் ஓடும் ஓசை வந்தது, அடைமழையில் ஓடை போவதைச் சற்றுத் தள்ளி நின்று கேட்பதுபோல. திரையில் மலைமுகடுகள்போல் வரிசையாகக் கோடுகள். எண் நின்றது: 214.

சில வாரம் கழித்து மறுபடி எடுத்தார்கள். 209. ஓடியாடிக்கொண்டிருந்த, ஒரு குறையும் இல்லாத குழந்தைக்கு மாதம் ஒருமுறை ரத்தம் ஏற்றத் தொடங்கினோம். தோட்டக் கூலிக்குப் போகிறவர்களுக்கு மாதத்தில் இரண்டு நாள் என்பது இரண்டு நாள் சோறு. நோயே தெரியாத பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு அலைச்சல் என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அண்ணனின் வலது கை வீட்டுக்குள்ளேயே இருந்ததால் அப்பாவும் அம்மாவும் கேட்கவில்லை.

ரத்தம் ஏற்றுவது வாழ்நாள் முழுக்கவா என்றால், சின்னவளைப் போன்றவர்களுக்கு ஒரு மாற்று வழி இருக்கிறது. ஹைட்ராக்சியூரியா. கருக்கால ஹீமோகுளோபினை மறுபடி கூடுதலாகச் சுரக்க வைக்கும் சாதாரண மாத்திரை, விலையும் எட்டாததல்ல. ஓராண்டாவது ரத்தம் ஏற்றி, மூளை நாளங்களில் கடுமையான சுருக்கம் இல்லை என்று எம்.ஆர்.ஐ.யில் உறுதி செய்த பிறகு, மெல்ல மெல்ல இந்த மாத்திரைக்கு மாறலாம் என்று 2016இல் ஓர் ஆய்வு நிறுவியது. சின்னவள் 2019இல் மாறினாள். அவ்வப்போது ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும், ஒருநாளும் விடாமல் விழுங்க வேண்டும், அவ்வளவே. பையனுக்கு அந்த வழி இல்லை. ஒருமுறை பக்கவாதம் வந்துவிட்டவர்களை இந்த மாத்திரை ரத்தம் ஏற்றுவதுபோல் காப்பதில்லை. அவன் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போயாக வேண்டும். ஏற்றிய ரத்தத்தின் இரும்பு உடலில் சேர்ந்துகொண்டே போகிறது. அதை இறக்க இன்னொரு மாத்திரை, தண்ணீரில் கரைத்துக் குடிப்பது. சுண்ணாம்புத் தண்ணீர்போல் இருக்கிறது என்பான்.

2023 டிசம்பரில் ஒருநாள் சக ஆசிரியர் ஒருவர் செய்தித்தாளோடு ஓடிவந்தார். சிக்கிள் செல்லுக்கு மரபணுவைத் திருத்தும் சிகிச்சைக்கு அமெரிக்காவில் அனுமதி. கேஸ்ஜெவி என்று பெயர். நோயாளியின் சொந்தக் குருத்தணுக்களை, அதாவது ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, கருக்கால ஹீமோகுளோபினைத் தடுத்து வைத்திருக்கும் பூட்டை வெட்டித் திறந்து, திருப்பிச் செலுத்துகிறார்கள். அறிவின் பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. விலை 22 லட்சம் டாலர். அவர் அந்த எண்ணைப் படித்துவிட்டுச் செய்தித்தாளை மடித்தார். நாங்கள் இருவரும் வகுப்புக்குப் போய்விட்டோம்.

ஆனால் ஸ்டெம் செல் என்றால் அது மட்டுமே என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையும் ஸ்டெம் செல் சிகிச்சைதான், அது 40 ஆண்டு பழையது. ரத்தப் புற்றுநோயும் சிக்கிள் செல்லும் சேர்ந்திருந்த எட்டு வயதுச் சிறுமிக்கு, புற்றுநோய்க்காக மஜ்ஜை மாற்றினார்கள். சிக்கிள் செல்லும் சேர்ந்தே போய்விட்டது. 1984இல் அது வெளியானபோதுதான் இந்த நோய் தீரக்கூடியது என்று உலகுக்குத் தெரிந்தது. வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது. ஆகவே இது நம் எல்லைக்கு அப்பால் உள்ள சங்கதி இல்லை.

சிகிச்சை நடக்கும் விதத்தை மருத்துவர் அந்த வீட்டாருக்குச் சொன்னபோது நானும் உடனிருந்தேன். முதலில் கடுமையான மருந்துகளால் நோயாளியின் பழைய மஜ்ஜையை அழிக்கிறார்கள். கொடையாளியின் இடுப்பெலும்பிலிருந்து, மயக்க மருந்து கொடுத்து, ஊசியால் மஜ்ஜையை உறிஞ்சி எடுக்கிறார்கள். அதை ரத்தம் ஏற்றுவதுபோல் நரம்பில் ஏற்றுகிறார்கள். குருத்தணுக்கள் தாமாகவே வழி கண்டுபிடித்து எலும்புக்குள் போய் அமர்ந்து, மூன்று வாரம் அளவில் புதிய ரத்தம் செய்யத் தொடங்குகின்றன. அதுவரை பிள்ளைக்கு நோய் எதிர்ப்பே இருக்காது. அதன்பின்னும் மாதக்கணக்கில் மருத்துவமனை அருகிலேயே தங்க வேண்டும். வந்த மஜ்ஜை சில நேரம் தங்கிய உடம்பையே எதிரியாக எண்ணித் தாக்கும். மருந்துகளால் பின்னாளில் பிள்ளைப்பேறு இல்லாமல் போகலாம். முழுதாகப் பொருந்தும் உடன்பிறப்பின் மஜ்ஜையோடு இந்தச் சிகிச்சை பெற்ற 1,000 பேரின் விவரங்களைத் திரட்டி 2017இல் வெளியிட்டார்கள். ஐந்தாண்டு கழித்து 93 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், 91 சதவீதம் பேர் நோயின்றி இருந்தார்கள். சிறு வயதில் செய்தால் பலன் கூடுதல்.

பக்கவாதத்தைப் பொறுத்தவரை பிரான்சில் நடந்த ஓர் ஆய்வை நான் பிறகு தேடிப் படித்தேன். வேகம் அபாய எல்லையைத் தாண்டியிருந்த 67 குழந்தைகள். பொருந்தும் உடன்பிறப்பு இருந்தவர்களுக்கு மஜ்ஜை மாற்று, இல்லாதவர்களுக்குத் தொடர்ந்து ரத்தம். ஓராண்டு கழித்து ரத்தம் ஏற்றியவர்களின் சராசரி வேகம் 170 அளவில் நின்றது. மஜ்ஜை மாற்றியவர்களுக்கு அது 130க்கு இறங்கியிருந்தது. சீறிக்கொண்டிருந்த ஓடை அடங்கிவிட்டது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? செத்த மூளைப் பகுதி திரும்புவதில்லை. இருப்பது காப்பாற்றப்படும்.

உடன்பிறப்பு முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. மறுபடியும் அதே நான்கில் ஒன்று. கடத்தியாக இருப்பவரும் மஜ்ஜை தரலாம். பெரியவளுக்கும் தம்பி தங்கைக்கும் எச்.எல்.ஏ. பரிசோதனை, அதாவது ஒருவர் மஜ்ஜை இன்னொருவருக்குப் பொருந்துமா என்று பார்க்கும் பரிசோதனை, செய்தார்கள். வீட்டில் எல்லோரும் மனதுக்குள் பையனுக்காகத்தான் வேண்டியிருந்தோம். அவனுக்குத்தான் அவசரம், அவன்தான் ஒருமுறை விழுந்து எழுந்தவன்.

பெரியவள் சின்னவளுக்குப் பொருந்தினாள். பையனுக்குப் பொருந்தவில்லை.

அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, மருத்துவமனை வாசலில் இருந்த புங்க மரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்தோம். பையன்தான் முதலில் பேசினான். "எனக்கு யாரும் பொருந்தவில்லையா டீச்சர்?" பாதி பொருந்துகிற தாய் தந்தையிடமிருந்தும் இப்போது மஜ்ஜை எடுத்துச் செய்கிறார்கள், முறைகள் தேறிவருகின்றன, ஆபத்து மட்டும் இன்னும் கூடுதல் என்று மருத்துவர் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். "உள்ள பிள்ளையை நான் பந்தயம் வைக்க மாட்டேன்" என்றார் அப்பா. படித்தவர்கள் சிலர் இதைக் கேட்டுவிட்டு அறியாமை என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எண்களை அவர் என்னைவிடத் தெளிவாகப் புரிந்துகொண்டுதான் சொன்னார்.

சின்னவளின் நிலை வேறு விதத்தில் கடினம். அவளுக்கு இப்போது 11 வயது. மாத்திரையில் நன்றாக இருக்கிறாள், கோகோ விளையாடுகிறாள். நன்றாக இருக்கும் பிள்ளையைச் சாவுக்கு அருகே கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருவதா? அல்லது ஒவ்வொரு ஆண்டும் அந்த எண்ணைப் பார்த்து உயிரைப் பிடித்துக்கொண்டு வாழ்வதா? வயது ஏற ஏறச் சிகிச்சையின் ஆபத்தும் ஏறுகிறது. இதற்கு நான் பதில் சொல்லத் தகுதியற்றவள். அவர்கள் பேசி முடிவெடுக்கட்டும் என்று அருகில் இருக்கிறேன்.

எனக்குத் தகுதி உள்ள விஷயம் ஒன்று இருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசு சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது, 2047 இலக்கு. 40 வயதுக்கு உட்பட்ட ஏழு கோடிப் பேருக்குப் பரிசோதனை என்றார்கள். எங்கள் பள்ளியிலும் விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள், அட்டை கொடுத்தார்கள். நல்லது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் ஆதிவாசி மக்களுக்காக நடக்கும் தொண்டு மருத்துவமனைகள் அரசு யோசிப்பதற்கு முன்பே இந்த வேலையைச் செய்துவந்திருக்கின்றன. ஆனால் நோய் இருக்கிறது என்று அட்டையில் எழுதிக் கொடுப்பதோடு நின்றால், நான் பதிவேட்டில் எழுதியதோடு நின்றதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு? நோய் உறுதியான ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு வயது முதல் ஆண்டுக்கு ஒருமுறை தலை டாப்ளர். ஏழை நாடுகளுக்கு எட்டாத பொருள் என்று இதை யாரும் சொல்ல முடியாது. நைஜீரியாவில் செய்கிறார்கள். கருவியைத் தூக்கிக்கொண்டு பந்தலூருக்கு ஏறிவர முடியும், பயிற்சி பெற்ற ஒருவர் போதும். மாதம் ஒரு நாள் வரட்டும். பிள்ளைகளை அழாமல், தூங்காமல் உட்கார வைப்பது எங்கள் பொறுப்பு.

ஆசிரியர்களிடமும் கேட்கிறேன். உங்கள் வகுப்பில் சிக்கிள் செல் உள்ள பிள்ளை இருந்தால், ஒரு கை பலமிழந்தாலும், வாய் கோணினாலும், பேச்சு குழறினாலும், திடீரென்று கடும் தலைவலி வந்தாலும், ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும்கூட, அது அவசரம். காத்திருக்க வேண்டாம். போகிற இடத்தில் நோயின் பெயரை உரக்கச் சொல்லுங்கள். யாராவது எழுந்திருக்கும்வரை சொல்லிக்கொண்டே இருங்கள்.

போன மாதம் சின்னவளின் ஆண்டு ஸ்கேன். பையன் தன் ரத்தத்துக்காகவும், பெரியவள் மருத்துவரிடம் சில கேள்விகள் கேட்பதற்காகவும் சேர்ந்தே வந்தார்கள். பெரியவளுக்கு 18 ஆகிவிட்டது. கொடுத்த மஜ்ஜை தனக்கு மறுபடி ஊறுமா என்று கேட்டாள். சில வாரங்களில் ஊறிவிடும் என்றார் மருத்துவர். ஊசி எவ்வளவு நீளம் என்று கேட்டாள். அதையும் காட்டினார். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாள். சின்னவளின் எண் 148.

திரும்பும் பஸ்ஸில் பையன் முன் சீட்டில் இடது கையால் கம்பியைப் பிடித்தபடி நின்றான். உட்காரச் சொன்னேன், யானை தெரியும், நிற்கிறேன் என்றான். சின்னவள் ஏறிய பத்தாவது நிமிடம் தூங்கிவிட்டாள். அவள் காதோரம் ஸ்கேனுக்குத் தடவிய களிம்பு முடியில் காய்ந்து ஒட்டியிருந்தது. நடுவட்டம் தாண்டும் வரை பெரியவள் அதை நகத்தால் ஒவ்வொரு இழையாகச் சுரண்டி எடுத்துக்கொண்டே வந்தாள், தங்கை விழித்துவிடாமல்.